நோயாளர் பதிவேடும் கணினியும்



உங்களுட் பலர் மாலை வேளையில் ஒரு குடும்ப வைத்தியரின் வாசலிலே இலக்கத் துண்டுடன் காத்திருந்திருப்பீர்கள். உங்கள் முறை வந்து உள்ளே சென்றதும் வைத்தியர் முதலிற் செய்வது யாது? நாடியைப் பிடிப்பதற்கும் நெஞ்சிலே குழாயை வைப்பதற்கும் முன்னர், அவர் எதையோ எடுத்து வாசிக்கிறார். முன்னர் அது ஒரு மட்டையாக இருந்தது. சில இடங்களில் நீங்களே கையிற் கொண்டு செல்லும் கொப்பியாக இருந்தது. இப்பொழுது பல இடங்களில் மேசைமேல் ஒளிரும் கணினித் திரையாக இருக்கிறது. வடிவம் எதுவாயினும் உள்ளடக்கம் ஒன்றே. சென்ற முறை நீங்கள் எதற்காக வந்தீர்கள், எந்த மருந்து தரப்பட்டது, எந்த மருந்து உங்கள் உடம்புக்கு ஒவ்வாது, உங்கள் தந்தையார் எந்த நோயினால் இறந்தார் என்பனவெல்லாம் அதிலே குறிக்கப்பட்டிருக்கின்றன. அதனையே மருத்துவப் பதிவேடு என்கிறோம்.

இந்தப் பதிவேட்டைக் கணினியிலே பேணுவதற்கென்று ஆக்கப்பட்ட மென்பொருள்கள் இன்று பல உள்ளன. ஒரு வைத்தியர் தமது சிகிச்சை நிலையத்துக்கு அவற்றுள் ஒன்றை எவ்வாறு தெரிந்தெடுக்க வேண்டும் என்பதே எனது இன்றைய பேச்சின் பொருள். இது வைத்தியர்களின் காரியமாயிற்றே, எமக்கு இதனால் ஆவது என்ன என்று நீங்கள் எண்ணலாம். அந்தத் திரைக்குப் பின்னே இருப்பது உங்கள் உடம்பின் வரலாறு. அது தொலையுமாயின் இழப்பு முதலில் உங்களையே சாரும். ஆகையால் இவ்விடயம் மேசையின் இரு பக்கத்தில் இருப்பவர்களுக்கும் உரியதாகும்.

என் சொந்த அநுபவம் ஒன்றை முதலிற் கூறிவிடுகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சிறு பட்டினம் ஒன்றிலே நெடுங்காலம் குடும்ப வைத்தியனாகத் தொழில் செய்து வந்தேன். என்னிடம் ஓர் அலுமாரி நிறைய மட்டைகள் இருந்தன. ஒரு மாரி காலத்திலே கறையான் ஏறி, கீழ்த்தட்டு முழுவதையும் தின்றுவிட்டது. இனிக் கணினியே வழி என்று தீர்மானித்தேன். விற்பனையாளர் ஒருவர் வந்து அழகிய திரைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். வரைபடங்களும் நிறங்களும் என் கண்ணைக் கவர்ந்தன. விலை யாதென்று கேட்டேன்; அது என்னென்ன செய்யும் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை மாத்திரம் கேளாது விட்டேன்.

ஏழு ஆண்டுகள் யாவும் செவ்வனே நடந்தன. மட்டைகளிலிருந்த செய்திகளையெல்லாம் படிப்படியாகக் கணினியில் ஏற்றி, மட்டைகளை எரித்துவிட்டோம். பின்னர் அந்த மென்பொருளை விற்ற தாபனம் தன் தொழிலை மூடிவிட்டது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய உரிமத்தைப் புதுப்பிப்பதற்கு ஆளில்லை. ஒருநாட் காலை, மென்பொருள் திறக்க மறுத்தது. பதிவுகள் யாவும் என் மேசையடியிலிருந்த பெட்டிக்குள்ளேதான் இருந்தன. ஆனால் அவற்றை வாசிக்க வல்லது அந்த மென்பொருள் ஒன்றே. சாவி தொலைந்த பெட்டகத்தின் முன்னே நிற்பவனைப் போல நின்றேன்.

அந்த வாரத்திலேயே ஒரு முதிய அம்மையார் தொண்டை நோவும் காய்ச்சலுமாக வந்தார். பெனிசிலின் வகையைச் சேர்ந்த ஒரு மருந்தை எழுதிக் கொடுத்தேன். அவர் துண்டைக் கொண்டுபோய் மருந்தாளரிடம் நீட்டினார். இருபது ஆண்டுகளாக எம்மோடு பணியாற்றிய அந்த மருந்தாளர், துண்டைப் பார்த்ததும் எழுந்து என்னிடம் வந்தார். "ஐயா, இந்த அம்மாவுக்கு முந்தி ஒருமுறை இதே மருந்தாலே முகமெல்லாம் வீங்கினது நினைவில்லையோ?" என்று மெல்லக் கேட்டார். எனக்கு நினைவில்லை. மட்டையிலே அது சிவப்பு மையால் எழுதப்பட்டிருந்தது. கணினியிலும் சிவப்பு வரியாகப் பதியப்பட்டிருந்தது. மட்டை சாம்பலாயிற்று; கணினி வாய் திறக்கவில்லை. ஒரு மனிதரின் ஞாபகசக்தி மாத்திரமே அன்று அந்த அம்மையாரைக் காத்தது.

நான் கேளாது விட்ட கேள்வி இதுதான்: "நாளை இந்த மென்பொருளை விட்டு நான் விலக நேர்ந்தால், என் நோயாளரின் பதிவுகள் எந்த வடிவில், எத்தனை நாளில், என்ன செலவில் என் கைக்கு வரும்?" ஆழமறியாமற் காலை விடாதே என்பார்கள். இவ்விடயத்திலே ஆழத்தை அளப்பது இந்த ஒரு கேள்வியே. உள்ளே நுழையும் வாயிலின் அலங்காரத்தைப் பார்ப்பதற்கு முன்னர், வெளியே வரும் வாயில் திறந்திருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

பதிவேடு எதற்காக இருக்கிறது என்பதைச் சிறிது பின்னோக்கிப் பார்த்தால் இதன் பொருத்தம் விளங்கும். பிரித்தானியாவிலே நிதியமைச்சராக இருந்த லொயிட் ஜோர்ஜ் 1911ஆம் ஆண்டிலே தேசிய காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதனை அடுத்து, குடும்ப வைத்தியர்கள் ஒவ்வொரு நோயாளருக்கும் ஒரு சிறு உறையிலே குறிப்புகளை வைத்துப் பேணும் வழக்கம் ஏற்பட்டது. அதற்கு லொயிட் ஜோர்ஜ் உறை என்றே பெயர். அதன் சிறப்பு அளவிலோ அழகிலோ இல்லை. நோயாளர் ஊர் மாறி வேறொரு வைத்தியரிடம் பதிந்துகொண்டால், அந்த உறையும் அவர் பின்னே சென்றது. வைத்தியர் மாறினாலும் வரலாறு அறுபடவில்லை. வெறுங் கடதாசி உறை செய்த அந்த வேலையைச் செய்ய மாட்டாத கணினியை முன்னேற்றம் என்று எவ்வாறு கூறுவது?

இன்னொருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். லோரன்ஸ் வீட் என்னும் அமெரிக்க வைத்தியர் 1968ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையிலே ஒரு கட்டுரை எழுதினார். நாட்குறிப்பைப் போல வந்ததை வந்தவாறு எழுதிக்கொண்டு போகாமல், நோயாளருக்குள்ள பிரச்சினைகளை முதலில் ஒரு பட்டியலாக வகுத்து, ஒவ்வொரு குறிப்பையும் அதற்குரிய பிரச்சினையின் கீழ் எழுத வேண்டும் என்பது அவருடைய கொள்கை. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், முழங்கால் வாதம், பெனிசிலின் ஒவ்வாமை என்று பட்டியல் முன்னே நிற்குமாயின், புதிதாக வந்த வைத்தியரும் அரை நிமிடத்தில் நோயாளரை அறிந்துகொள்வார். பின்னர் அவரும் அவருடைய தோழர்களும் இதனைக் கணினியிலே நடத்திக் காட்டவும் முயன்றனர். இன்று விற்பனைக்கு வரும் மென்பொருளைச் சோதிப்போர், முதற் றிரையிலேயே இத்தகைய பட்டியலும் ஒவ்வாமை எச்சரிக்கையும் நிகழ்கால மருந்துகளும் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். மூன்று இடங்களைத் திறந்து பார்த்தாற்றான் தெரியும் என்றால், அவசரத்தில் எவரும் திறந்து பாரார்.

இனி, வெளியே வரும் வாயிலைச் சற்று நுணுகிப் பார்ப்போம். "உங்கள் பதிவுகளை எப்பொழுது கேட்டாலும் தருவோம்" என்று விற்பனையாளர் கூறுவார். எந்த வடிவில் என்பதே கேள்வி. நெல்லை நெல்லாகவும் கொடுக்கலாம், சோறாக்கியும் கொடுக்கலாம். சோற்றை உண்ணலாமேயன்றி இன்னொரு வயலில் விதைக்க முடியாது. அச்சடித்த பக்கங்களாகவோ படங்களாகவோ தரப்படும் பதிவு சோற்றைப் போன்றது. கண்ணால் வாசிக்கலாம், வேறொரு மென்பொருளில் ஏற்ற முடியாது. பெயர், திகதி, நோய், மருந்து, அளவு என்று நிரல் நிரலாகப் பிரித்துத் தரப்படும் பதிவே விதை நெல். கணினிகள் தம்முள் மருத்துவச் செய்திகளைப் பரிமாறுவதற்கு எச்.எல். 7 என்னும் சர்வதேச அமைப்பு விதிமுறைகளை வகுத்துள்ளது. நோய்களின் பெயர்களுக்கு உலகச் சுகாதாரத் தாபனத்தின் நோய்ப் பகுப்பு உண்டு. இவற்றைத் தழுவிய மென்பொருள் உலகப் பொதுமொழி பேசுவது போன்றதாகும். அல்லாதது தனக்கே விளங்கும் குழூஉக்குறி பேசுவது.

இந்தக் கேள்வியை ஒரு பெரிய நாடே காலந்தாழ்த்திக் கேட்க நேர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவிலே 2009ஆம் ஆண்டு ஒரு சட்டம் நிறைவேறியது. அதன்படி, மின்னணுப் பதிவேட்டைத் தக்கவாறு உபயோகிக்கும் வைத்தியர் ஒருவர், முதியோருக்கான அரசாங்க மருத்துவத் திட்டத்தின் வழியாக ஐந்து ஆண்டுகளில் 44,000 டொலர் வரை ஊக்கத் தொகை பெறக்கூடியதாயிருந்தது. வைத்தியர்கள் விரைந்து வாங்கினர்; தாபனங்களும் விரைந்து விற்றன. விரைவிலே குறைகள் மறைந்திருந்தன. ஈகிளினிக்கல்வர்க்ஸ் என்னும் தாபனத்தின் மேல் அமெரிக்க நீதித் திணைக்களம் வழக்குத் தொடுத்தது. அரசாங்கத்தின் தகுதிச் சோதனையிலே தேறுவதற்காக, சோதனைக்கு வேண்டிய 16 மருந்துக் குறியீடுகளை மாத்திரம் மென்பொருளுக்குள் எழுதி வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. பதிவுகளை வெளியே எடுத்துச் செல்லும் வசதி விதிப்படி அமையவில்லை என்பது மற்றொன்று. தாபனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 2017ஆம் ஆண்டிலே 15 கோடியே 50 இலட்சம் டொலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. விலக விரும்பும் வைத்தியர்களின் பதிவுகளைக் கட்டணமும் தண்டமுமின்றி வேறு தாபனத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தீர்வின் நிபந்தனைகளுள் ஒன்றாயிற்று. இதற்கு முன்னரே, 2016ஆம் ஆண்டில் அந்நாட்டில் நிறைவேறிய இன்னொரு சட்டம், பதிவுகளைப் பிறர்க்குச் செல்லவொட்டாது தடுத்து வைப்பதையே தடைசெய்துவிட்டது. அங்கே சட்டம் செய்ததை, இங்கே வைத்தியர் தமது ஒப்பந்தப் பத்திரத்திலே எழுதி வாங்கிக்கொள்வது புத்தியாகும்.

இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதே நாட்டிலே பிராக்டிஸ் பியூஷன் என்னும் தாபனம் தன் மென்பொருளை வைத்தியர்களுக்குப் பணம் வாங்காது வழங்கியது. திரையிலே விளம்பரம் தோன்றும். அதனால் வரும் வருவாயே தாபனத்துக்கு ஆதாரம். 2018ஆம் ஆண்டிலே அது கைமாறியது, இலவசமும் நின்றது. 2020ஆம் ஆண்டிலே வெளிப்பட்ட செய்தி இதனினும் பாரதூரமானது. நோவு தீர்க்கும் அபின் வகை மருந்துகளை விற்ற ஒரு தாபனத்திடம் ஏறக்குறைய 10 இலட்சம் டொலர் பெற்றுக்கொண்டு, அத்தகைய மருந்துகளை எழுதுமாறு வைத்தியரைத் தூண்டக்கூடிய அறிவுறுத்தல்களைத் திரையிலே தோன்றச் செய்ததாக அத்தாபனம் ஒப்புக்கொண்டது. குற்றவியல், குடியியல் வழக்குகளைத் தீர்ப்பதற்கு அது செலுத்த உடன்பட்ட தொகை 14 கோடியே 50 இலட்சம் டொலர். வைத்தியர் தம் அறிவின்படி எழுதுகிறார் என்று நோயாளர் நம்பினார். மருத்துவ நூலின்படி திரை கூறுகிறது என்று வைத்தியர் நம்பினார். திரைக்குப் பின்னே வணிகர் இருந்தார். ஆகவே, இலவசம் என்றாற் செலவு யாருடையது என்று கேளுங்கள். திரையிலே தோன்றும் மருத்துவ அறிவுறுத்தலை எழுதியவர் யார், எந்த நூலை ஆதாரமாகக் கொண்டார் என்றும் கேளுங்கள்.

இவ்வாறு கூறுவதால் இலவசமானவை யாவும் தீயவை என்று கொள்ளற்க. மூலநிரலையே எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் கூடியதாக விடப்பட்ட மென்பொருள்களும் உண்டு. ஓப்பன் எம்.ஆர்.எஸ். என்பது 2004ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்டு, ஆபிரிக்க நாடுகளின் எளிய சிகிச்சை நிலையங்களிலே எயிட்ஸ், சயரோக நோயாளரைப் பராமரிப்பதற்குப் பெரிதும் உதவியது. இத்தகையவற்றிலே பூட்டு இல்லை. ஆயினும், நிறுவுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் அறிந்தவர் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். வீட்டுக் கிணறு இனாம்தான். தூர் வாருவதற்கு ஆள் வேண்டுமன்றோ?

இனி, மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் முறைக்கு வருவோம். விற்பனையாளர் தாம் ஆயத்தம் செய்து வந்த கற்பனை நோயாளரை வைத்துக் காட்டுவார். அந்த நோயாளருக்கு ஒரு நோய்தான் இருக்கும். பெயரும் இலகுவாக இருக்கும். அதனை நம்பலாகாது. வைத்தியர் தாமே விசைப்பலகையின் முன் அமர்ந்து, தம் வாசலுக்கு வருவோரைப் போன்ற ஐந்து பேரைப் பதிந்து பார்த்தல் வேண்டும். முதலாமவர், காய்ச்சலுடன் வந்த ஒரு குழந்தை. பரசிற்றமோல் ஒரு கிலோ நிறைக்கு 15 மில்லிகிராம் வீதம் கணித்து, பாணி மருந்து எத்தனை மில்லிலீற்றர் என்று மென்பொருள் சரியாகக் காட்டுகிறதா? இரண்டாமவர், பத்து ஆண்டுகளாக நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள ஒருவர். சென்ற மாதம் எழுதிய ஐந்து மருந்துகளை மீண்டும் எழுதுவதற்கு எத்தனை தடவை விசையை அழுத்த வேண்டும்? மூன்றாமவர், ஒரு கர்ப்பிணி. அவருக்கு ஆகாத மருந்தை எழுதினால் எச்சரிக்கை வருகிறதா? நான்காமவர், வேலைத்தலத்துக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்பவர். ஐந்தாமவர், ஏற்கெனவே பதிவிலுள்ள ஒருவரின் பெயரையே உடையவர்.

இந்த ஐந்தாமவர் எங்கள் நாட்டிலே தனிக் கவனத்துக்குரியவர். பெரும்பாலான மென்பொருள்கள் மேனாட்டிலே பிறந்தவை. அவை முதற்பெயர் என்றும் குடும்பப் பெயர் என்றும் இரண்டு கட்டங்களை நீட்டுகின்றன. எங்கள் கந்தசாமிக்குக் குடும்பப் பெயர் ஏது? தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தப் பெயரின் நடுவிலுள்ள தகரத்தை ஒருவர் ஓரெழுத்தாலும் இன்னொருவர் ஈரெழுத்தாலும் எழுதுவார்; ஈற்றிலே சாமி என்பாரும் சுவாமி என்பாரும் உளர். ஒரு பெண் விவாகமானதும் தந்தையின் பெயரை விடுத்துக் கணவரின் பெயரைச் சேர்த்துக்கொள்கிறார். முன்மேசையில் இருப்பவர் தேடிக் காணாதபோது புதிதாகப் பதிந்துவிடுவார். ஒருவரே இருவராகிவிடுவார். ஒவ்வாமைக் குறிப்பு முதற்பதிவிலே உறங்கும். மருந்து இரண்டாம் பதிவிலிருந்து எழுதப்படும். தேசிய அடையாள அட்டை இலக்கத்தை வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். பழைய அட்டையிலே ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும். 2016ஆம் ஆண்டு முதல் வந்த அட்டையிலே பன்னிரண்டு இலக்கங்கள். இரண்டும் ஒருவருடையவை என்று மென்பொருள் அறிய வேண்டும். சிறுபிள்ளைகளுக்கோ அட்டையே இல்லை. அரசாங்க வைத்தியசாலைகளிலே வழங்கப்படும் தனிநபர் சுகாதார இலக்கத்தைப் பதிவதற்கும் ஓரிடம் இருத்தல் நன்று. ஒலியொத்த பெயர்களைத் தேடித் தரும் வசதியும், தவறுதலாக இரட்டித்த பதிவுகளை ஒன்றாக்கும் வசதியும், தமிழிலும் சிங்களத்திலும் பெயரெழுதும் வசதியும் எங்களுக்கு இன்றியமையாதவை.

காலக் கணக்கும் முக்கியமானது. பல வைத்தியர்கள் பகலிலே அரசாங்க வைத்தியசாலையிற் கடமையாற்றி, மாலையிலே தம் நிலையத்தைத் திறப்பவர்கள். ஒரு மாலையில் ஐம்பது நோயாளர் வருவார்களென வைத்துக்கொள்வோம். மென்பொருள் ஒருவருக்கு ஒரு நிமிடத்தைக் கூடுதலாக உண்டால், ஐம்பதாமவர் ஐம்பது நிமிடம் பிந்தி வீடு செல்வார். கடைசிப் பேருந்து அவரை விட்டுப் போயிருக்கும். இன்னொரு தீங்கும் உண்டு. நேரத்தை மீதப்படுத்துவதற்காகச் சென்ற முறை எழுதியதையே அப்படியே பிரதி செய்து ஒட்டும் பழக்கம் வளரும். அப்பொழுது ஆறிய புண்ணும் ஆண்டாண்டாகப் பதிவேட்டில் ஆறாமலே இருக்கும். அற்ப காரியங்களுக்கெல்லாம் எச்சரிக்கை ஒலிக்கும் மென்பொருளும் இத்தகையதே. நாளுக்கு நூறு தடவை குரைக்கும் நாயின் குரலைக் கள்வன் வந்த அன்றும் எவரும் பொருட்படுத்தார். எந்த எச்சரிக்கை வேண்டும், எது வேண்டாம் என்று வைத்தியரே வகுத்துக்கொள்ள இடமிருக்க வேண்டும்.

அடுத்தது மின்சாரம். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இந்நாட்டிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இணையத் தொடர்பு இருந்தாற் மாத்திரமே இயங்கும் மென்பொருள் அத்தகைய நாளில் என் செய்யும்? பதிவுகள் தொலைவிலுள்ள ஒரு கணினி நிலையத்திலே இருக்கின்றனவா, வைத்தியரின் மேசையிலேயே இருக்கின்றனவா என்று முதலில் அறிய வேண்டும். முன்னதை மேகம் என்று வழங்குகிறார்கள். கறையானும் வெள்ளமும் கள்வரும் அணுகாத இடமாயினும், தொடர்பு அறுந்தால் மேகம் எட்டாது. தொடர்பற்ற வேளையிற் பதிந்ததைப் பின்னர் தானே அனுப்பிச் சேர்க்கும் மென்பொருள் எங்கள் சூழ்நிலைக்கு உகந்தது.

எங்கே இருப்பினும் மறுபிரதி வேண்டும். 2023ஆம் ஆண்டிலே இலங்கை அரசாங்கத்தின் கணினி மேகத்தைத் தீய நிரல் ஒன்று தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான அரசாங்க மின்னஞ்சல்கள் மீட்க முடியாதவாறு அழிந்தன. அக்காலப் பகுதிக்கு மறுபிரதி இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே இவ்வாறாயின், ஒரு சிறிய சிகிச்சை நிலையம் எம்மாத்திரம்? நாள்தோறும் ஒரு பிரதி எடுத்து, அதனை வேறொரு கட்டிடத்திலே வைத்தல் வேண்டும். அவ்வளவிலும் நின்றுவிடலாகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து பதிவுகள் உண்மையாக மீள்கின்றனவா என்று பரீட்சித்துப் பார்க்கவும் வேண்டும். பரீட்சிக்கப்படாத மறுபிரதி வெறும் நம்பிக்கையே.

இரகசியத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கலாம். சொல்லியே ஆக வேண்டும். சிங்கப்பூரிலே சிங்ஹெல்த் என்னும் பெரிய சுகாதாரத் தாபனத்தின் கணினிக்குள் 2018ஆம் ஆண்டிலே அந்நியர் புகுந்து, 15 இலட்சம் நோயாளரின் விபரங்களைக் கவர்ந்தனர். அவர்களுள் 1,60,000 பேரின் மருந்து விபரங்களும் போயின. எங்கள் ஊரிலே இரகசியம் போவதற்கு அவ்வளவு தூரத்துக் கள்வர் தேவையில்லை. இலக்கத் துண்டு கொடுப்பவர் உங்கள் அயலவராக இருப்பார். ஆகவே, முன்மேசையில் இருப்பவர் பெயரையும் முறையையும் மாத்திரம் பார்க்கவும், மருந்தாளர் மருந்தையும் ஒவ்வாமையையும் பார்க்கவும், நோயின் விபரத்தை வைத்தியர் மாத்திரம் பார்க்கவும் கூடியவாறு வெவ்வேறு கடவுச்சொற்கள் அமைதல் வேண்டும். யார், எப்பொழுது, எதனைத் திறந்தார், எதனைத் திருத்தினார் என்ற சுவடு அழியாது நிற்கவும் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், உடல்நலம் பற்றிய தரவுகளைத் தனிக் கவனத்துக்குரிய விசேட வகையாகவே கருதுகிறது.

விலையை ஐந்து ஆண்டுக்குக் கணக்கிடுக. முதல் நாட் செலுத்தும் பணம் சிறு பகுதியே. மாதக் கட்டணம், கணினி, மின்கலம், பணியாளர் பயிற்சி, பழுது பார்க்கும் செலவு, இறுதியில் விலகும் செலவு ஆகிய யாவற்றையும் கூட்டிப் பார்த்த பின்னரே மலிவு எது, விலைகூடியது எது என்று கூறலாம். மாலை ஏழு மணிக்கு மென்பொருள் நின்றுவிட்டால் தொலைபேசியில் விடையளிக்க ஒருவர் இருப்பாரா என்பதையும் கேட்டறிக. விடையை விற்பனையாளரிடம் அறிவதினும், அதே மென்பொருளைச் சில ஆண்டுகளாக உபயோகிக்கும் இன்னொரு வைத்தியரிடம் அறிவது மேல்.

பழைய மட்டைகளை என்ன செய்வது? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்ற முயல்வோர் பாதியிற் களைத்துவிடுவர். நோயாளர் அடுத்த முறை வரும்போது, அவருடைய பிரச்சினைப் பட்டியல், ஒவ்வாமை, நிகழ்கால மருந்துகள் ஆகியவற்றை மாத்திரம் ஏற்றினாற் போதும். ஒவ்வாமையை நோயாளரிடம் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்த பின்னரே பதிய வேண்டும். மட்டைகளை உடனே எரித்துவிடாதீர்கள். நான் செய்த தவறு ஒருவருக்கே போதும்.

இறுதியாக, மேசையின் மற்றப் பக்கத்திலிருக்கும் உங்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் தாய்மார் பிள்ளையின் தடுப்பூசிப் பதிவேட்டைப் பத்திரமாகப் பெட்டியிலே வைத்திருப்பார்கள். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் யாழ்ப்பாணமே எழுந்து நடந்தபோது, வழியிலே என்னிடம் மருந்து கேட்டு வந்தவர்கள் பலர். சிலர் மடியிலிருந்து கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டினார்கள். அவர்களுக்கு நான் தயக்கமின்றி மருந்து கொடுத்தேன். கொப்பியில்லாதோருக்கு ஊகித்தே கொடுக்க வேண்டியிருந்தது. கணினி வந்ததால் இந்தப் பழக்கம் மறைந்துவிடலாகாது. உங்கள் வைத்தியர் கணினி வைத்திருப்பாராயின், ஆண்டுக்கு ஒருமுறையேனும் உங்கள் பிரச்சினைப் பட்டியலையும் மருந்துகளையும் ஒவ்வாமையையும் ஒரு தாளிலே அச்சிட்டுத் தருமாறு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கொடுப்பதால் அவருக்குச் சிறுமையில்லை. அந்த ஒரு தாளை இலகுவாக அச்சிட மாட்டாத மென்பொருளை வைத்தியர் வாங்காதிருப்பதே நன்று.

மென்பொருள்கள் வரும், போகும். அவற்றை விற்கும் தாபனங்களும் தோன்றும், மறையும். வைத்தியர்களும் ஒருநாள் ஓய்வு பெறுவர். நோயாளரின் வாழ்வு இவை யாவற்றையும் கடந்து நீண்டு செல்வது. அந்த நீண்ட வழியிலே அவருடன் கூடவே செல்லத்தக்க பதிவேட்டைத் தருவது எதுவோ, அதுவே தெரிந்தெடுக்கத் தக்கது.

அந்த அம்மையார் வேறு மருந்தினாற் குணமடைந்தார். அடுத்த முறை அவர் வந்தபோது, ஒரு சிறு அட்டையிலே பெனிசிலின் ஆகாது என்று சிவப்பு மையால் எழுதி அவர் கையிலே கொடுத்தேன். அவர் அதனைத் தம் பணப்பையிலே அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.